இரண்டு படிக் காய்ச்சல்

ஏணிக்காரரைக் கடித்த கொசு அடுத்து யாரைக் கடித்ததோ, அவருக்குக் காய்ச்சலோடு ஏணிக்காரரின் உயரப் பயமும் சேர்ந்தே தொற்றியது. அவருக்குப் பின் முதலில் படுத்தவர் எதிர்வீட்டுத் தையற்காரர். ஆறாம் நாள் எழுந்தவர், எட்டு வருடமாக உட்கார்ந்து தைத்த முக்காலியில் உட்கார முடியாமல் தையல் மெஷினின் காலை வெட்டிக் குள்ளமாக்கித் தரையில் உட்கார்ந்து தைத்தார். அடுத்து கரண்ட் ரிப்பேர்காரர். கம்பத்தை அண்ணாந்து பார்த்து, இதிலா நான் ஏறினேன் என்று அழுதார். டியூஷன் டீச்சர் மாடி வகுப்பைக் கீழே கார் ஷெட்டுக்கு மாற்றினார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, வைரஸ் டெங்குதான், பயம் ரிப்போர்ட்டில் வராது என்றார். தெருவும் சரி என்று அடுத்த வேலையைப் பார்த்தது.

ஏணிக்காரருக்குத்தான் வேலை ஓடவில்லை. அவர் சுகாதாரத் துறையில் கொசுப்புழு பார்க்கும் பணியாளர். வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய், உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்து, கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது உத்தியோகம். பதினோரு வருடத்தில் எழுதுவதையும் கையெழுத்தையும் அவர் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. திறந்து பார்ப்பதைத்தான் ஒரு வாரம்கூடச் செய்ததில்லை. ஏணியைச் சாத்துவார், இரண்டு படி ஏறுவார், கழுத்தை நீட்டி டார்ச்சை மேலே அடித்து, "சுத்தமா இருக்கு" என்பார், இறங்கிவிடுவார். மூன்றாவது படி என்று நினைத்தாலே முழங்கால் தனியாக ஆடத் தொடங்கிவிடும். பதினாலு படி ஏணியைத் தினமும் தோளில் சுமக்கிறவன் ஏறாமலா இருப்பான் என்று தெரு நம்பி, ஏணிக்காரர் என்று பட்டமும் கொடுத்தது. ஏறாத பன்னிரண்டு படியையும் சேர்த்துச் சுமக்கிற ஒரே முட்டாள் நான்தான் என்று அவர் தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார். தன் வீட்டு அட்டையிலும் அதே கையெழுத்துதான். வேலியே பயிரை மேய்ந்தது போதாதென்று, சொந்தத் தொட்டியில் வளர்ந்த கொசுதான் அவரையே முதலில் படுக்கவைத்தது.

பயத்தோடு குட்டும் சேர்ந்து தொற்றுகிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். தையற்காரர் காய்ச்சல் வேகத்தில், "ரெண்டு படி போதும், யாரு எட்டிப் பார்க்கப்போறா" என்று புலம்பியதை அவரே கேட்டார். தையற்காரரின் மனைவி அரிசியைச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு படி அளந்து வைத்தார். தெரு ஏமாறலாம், ஏணிக்காரரின் மனைவி ஏமாறமாட்டாள். மருந்துக்கடையில் வேலை, டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவள். 'எங்க வீட்டுக்காரர் சரசரன்னு ஏறுவார்' என்று தன் அக்காவிடம் பதினோரு வருடமாகப் பெருமை பேசுகிறவளும் அவள்தான். அவளை ஒரு கொசு கடித்துவிட்டால் தீர்ந்தது கதை.

இது பகலில் கடிக்கிற கொசு என்பதால் அவர் லீவு போட்டுவிட்டு, கொசு பேட்டும் கையுமாக அவள் பின்னாலேயே அலைந்தார்.

"என்னங்க, லீவு போட்டு டென்னிஸா ஆடறீங்க?" என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று அவள் கணுக்காலில் உட்கார்ந்தது. அவர் ஓங்கி வீசினார். மேசைக்கால்மேல் பட்டது.

ஒரு வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவர் ஈரத்துணி மாற்றியபடி பக்கத்திலேயே கிடந்தார். குட்டு உடைந்தால் உடையட்டும், இவள் பிழைத்தால் போதும் என்று தோன்றியபோது, இந்தப் புத்தி பதினோரு வருடம் லேட்டாக வந்திருக்கிறதே என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். நாலாம் நாள் அவள் கண் திறந்து அவரையே பார்த்தாள்.

"ரெண்டு படிதானா?"

அரிசி என்று சொல்லித் தப்பிக்க வாயெடுத்தார். வரவில்லை. "ஆமாம்மா."

"நம்ம வீட்டு அட்டையிலயும்?"

"அதுலயும்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் எழுந்து நடமாடிய நாளில் டாக்டர் சொன்னார்: "இந்தத் தடவை தப்பிச்சுட்டாங்க. டெங்குலயே வேற வகை ஒண்ணு இருக்கு. அது தொத்தினா இப்படி லேசா விடாது." உச்சியில் தொட்டி, தொட்டியில் புழு, கீழே அவள். ஏணிக்காரர் தெரு முழுக்க ஆள் தேடினார். கொத்தனார் முதல் கரண்ட் ரிப்பேர்காரர் வரை எல்லாருக்கும் முழங்கால் ஆடியது. யோசித்துப் பார்த்தால், பயத்தில் அனுபவசாலி அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு ஒரு மாதப் பயம், அவருக்கு நாற்பத்திரண்டு வருட சர்வீஸ்.

மறுநாள் காலை தன் வீட்டுத் தொட்டிக்கு அவரே ஏறினார். தெருவே கூடி நின்றது, அண்ணாந்து பார்க்கத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை. மூன்றாம் படியில் முழங்கால் ஆடியது. ஏழாம் படியில் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். பதினாலாம் படியில் மூடியைத் திறந்து, "புழு இருக்கு, நிறைய இருக்கு" என்று சொல்லி, அடைப்பைப் பிடுங்கி, தண்ணீர் முழுவதையும் வெயிலில் கொட்டவிட்டார். பதினோரு வருடத்தில் ஏணிமேல் நின்று அவர் சொன்ன முதல் உண்மை அது.

அப்புறம் இறங்க முடியவில்லை. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பார்கள். எருதும் முடவனும் அவர் ஒருவரே. நண்பகல்வரை தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். தூக்கிவர ஏறக்கூடியவர் அந்தத் தெருவில் யாருமில்லை.

அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணை மூடி ஒரு படி ஏறினாள், இன்னொரு படி ஏறினாள். அதோடு அவள் முழங்காலும் ஆடியது. கணவரிடமிருந்து வந்த பயம், அளவு மாறுமா?

"பதினாலுல ரெண்டு படி நான் ஏறிட்டேங்க" என்றாள் அங்கிருந்தபடியே. "மிச்சம் பன்னிரண்டுதான். நீங்க வாங்க."

அவர் பன்னிரண்டு படி இறங்கினார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் 'புழு இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை அவரிடம் நீட்டினாள்.

பயம் அந்தத் தெருவை விட்டுப் போகவில்லை. காய்ச்சல் அதற்குப் பின் வரவில்லை. இப்போதும் அங்கே தொட்டி பார்க்க வாரம்தோறும் இரண்டு பேர் வருகிறார்கள்: உச்சிவரை ஏற ஒருவர், இரண்டு படி ஏறி நின்று அவரை இறக்கிவிட ஒருவர். அட்டையில் கையெழுத்துக்கு இரண்டு கட்டம் போட்டிருக்கிறார்கள்.