டெரெக்கின் சிவப்பு முடிச்சு

சுற்றுலாக் கப்பல் கூட்டம் கம்பளக் கடைக்குள் நுழைவதற்கு முன்பே அதன் வாடை வந்துவிடும். வெயிலுக்குப் பூசிய களிம்பும் வியர்வையும் கலந்த வாடை. தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உம்முஹான் தலைத்துணியை இழுத்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் முதலாளி ஹுல்கி அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

சட்டையில் நம்பர் ஒட்டிய கிழவர்களும் கிழவிகளும் உள்ளே வந்தார்கள். தொலைந்துபோய்விடக் கூடாதாம். காலையில் வழிகாட்டி துலாய் இவர்களைப் பழைய ரோமானிய நகரமான எபேசஸின் இடிபாடுகளில் ஆட்டு மந்தை மாதிரி ஓட்டியிருப்பாள். நூலகத்துக்கு முன்னால் ஒரு படம், நாடக அரங்கில் ஒரு படம். ஆனால் இவர்கள் மனதைப் பறிகொடுப்பது ரோமானியர்களின் பளிங்குக் கக்கூஸில்தான். வரிசையில் நின்று, அதில் ஒவ்வொருவராக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு பேரரசே மண்ணாய்ப் போனதில் இவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அடுத்தது இந்தக் கடை. வாசலில் ‘கைவினைப் பட்டறை’ என்று எழுதியிருக்கும். பட்டறை என்பது முன்னறை மட்டும்: ஒரு தறி, பட்டுக்கூடு கொதிக்கும் ஒரு பானை, உம்முஹான். அதற்குப் பின்னால் மாடி மாடியாகக் கம்பளம், பெரும்பாதி எங்கேயோ மிஷினில் ஓடியது. கையில் ஆளுக்கொரு கிளாஸ் ஆப்பிள் டீ கொடுப்பார்கள். நம் ஆட்கள் யாரும் வீட்டில் வாங்கிவைக்காத இனிப்புத் தண்ணீர்.

“வாங்க, நீங்களே ஒரு முடிச்சுப் போட்டுப் பாருங்க!” என்பார் ஹுல்கி, இரண்டு கையையும் விரித்து.

உடனே நாலைந்து பேர் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். கம்பளி இழையைத் தறி நூலில் எப்படியோ சுற்றி, நோஞ்சானாக ஒரு முடிச்சுப் போடுவார்கள். கைதட்டல், படம். உம்முஹானும் கைதட்டுவாள். கூட்டம் மாடிக்குப் போனதும் கொக்கிக் கத்தியால் அத்தனையையும் பிரித்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தன் முடிச்சைப் போடுவாள்.

எறிவது என்றால் குப்பையில் இல்லை. கம்பளியைக் குப்பையில் போடுவது அவள் ஊரில் பாவம். எல்லாவற்றையும் ஒரு திண்டுக்குள் திணித்து, அதன்மேல் உட்கார்ந்து நெய்தாள். ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா எல்லாம் என் பின்பக்கத்துக்குக் கீழே என்று மகள் செவ்ஜானிடம் சொல்லிச் சிரிப்பாள். நாள் முழுக்கச் சிரித்துக் காட்டுகிறவளுக்கு உண்மையாகச் சிரிக்க அந்தத் திண்டு ஒன்றுதான் இருந்தது.

வருகிறவனுக்கெல்லாம் வேடிக்கை காட்டியபடியே நெய்வதால் அந்தக் கம்பளம் ஆமை வேகத்தில்தான் வளர்ந்தது. ஆனால் அது செவ்ஜானுடையது. வேலைக்குச் சேர்ந்தபோதே ஹுல்கி சொல்லியிருந்தார்: தறியில் இருப்பது முடிந்ததும் உனக்கு. அத்திப்பழம் காய வைக்கும் காலத்தில் செவ்ஜானுக்குக் கல்யாணம். பெண்ணின் சீர்வரிசையை ஊரே வந்து பார்க்கும். அம்மா கையால் நெய்த கம்பளம் வருகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லிவிட்டார்கள். மேலே இன்னும் ஒரு கரைதான் பாக்கி.

அன்றைக்கு எல்லாரும் மாடிக்குப் போன பிறகும் ஒரு கிழவி மட்டும் தறியை விட்டு நகரவில்லை. நம்பருக்குப் பக்கத்தில் எட்னா என்று பெயர் எழுதியிருந்தது. கைபேசியை உம்முஹானின் மூக்கருகே நீட்டினாள். படத்தில் சிவந்த முகத்துடன் ஒரு கிழவர் இதே தறியில் சிவப்பு இழையைச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உம்முஹான் அதே சிரிப்போடு. அந்த மனிதரை அவளுக்குத் துளியும் நினைவில்லை.

கூடவே நின்ற வழிகாட்டி துலாய் கிழவியிடம் கேட்டுச் சொன்னாள். “இவங்க வீட்டுக்காரராம், டெரெக். போன வருஷம் வந்திருக்காங்க. அதுக்கப்புறம் குளிர்காலத்துல தவறிட்டாராம். அவரு போட்ட முடிச்சு இந்தக் கம்பளத்துல இருக்கே, அதனால இதையே வாங்கணும்னுதான் மறுபடி வந்திருக்காங்க அக்கா.”

எட்னா படத்தையும் கம்பளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கீழ்ப்பக்கம் ஒரு பூவின் சிவப்பு இதழைக் கண்டுபிடித்து விரலால் தடவினாள். தடவியது உம்முஹானின் முடிச்சை.

ஹுல்கிக்குக் காது பாம்புக் காது. மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். “அம்மா! அந்த முடிச்சு அப்படியே இருக்கு. கோயில் மாதிரி காப்பாத்தி வச்சிருக்கோம்!” என்று நெஞ்சில் கைவைத்து ஆங்கிலத்தில் உருகினார். பிறகு தன் மொழியில், முகத்தில் உருக்கம் மாறாமலே, “உம்முஹான், மேல ஒரு பட்டை போட்டு முடிச்சிட்டு, தறியில இருந்து அறுத்துக் கொடு. சாயங்காலம் கப்பல் கெளம்புது,” என்றார்.

“இது செவ்ஜானுக்கு முதலாளி. நீங்கதான் வாக்குக் கொடுத்தீங்க.”

“வேற ஒன்னு தர்றேன். மாடியில இல்லாததா?”

“உங்க மிஷின் குப்பையை என் பொண்ணு சீர்ல விரிக்கச் சொல்றீங்களா? கல்யாணத்துக்கு வர்றவங்க கப்பல்காரங்க இல்ல. திருப்பிப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவாங்க.”

“வாயை மூடிட்டு அறு.”

உம்முஹானுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. கிழவியைப் பார்த்தாலும் எரிந்தது. கடல் தாண்டி வந்து, போட்ட முடிச்சு போட்ட இடத்திலேயே இருக்கும் என்று நம்புகிற இந்த மூளையை என்ன செய்வது! துலாயின் பக்கம் திரும்பினாள்.

“அவர் முடிச்சு இதுல இல்லைன்னு சொல்லு. பிரிச்சு எடுத்துட்டேன். எல்லாருதையும் எடுத்துடுவேன்.”

“அக்கா, வேண்டாம்...”

“சொல்லு!”

துலாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எட்னா அழவில்லை. இதழின் மேல் இருந்த விரலை மட்டும், சூடு பட்டதுபோல் எடுத்துக்கொண்டாள். பிறகு ஏதோ கேட்டாள்.

“அப்போ அது எங்கன்னு கேக்குறாங்க.”

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. உம்முஹான் எழுந்தாள். திண்டை எடுத்துக் கத்தியால் தையலைக் கிழித்துத் தரையில் கொட்டினாள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக இழைகள் குவிந்தன. உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிப்போன இழைகள். எட்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டாள். சிவப்பு இழைகளைப் பொறுக்கி மடியில் போட்டாள். அவை குறைவதாக இல்லை.

“எதுன்னு தெரியுமான்னு கேக்குறாங்க,” என்றாள் துலாய்.

ஹுல்கி காத்துக்கொண்டிருந்தார். இவள் ‘தெரியாது’ என்றால் போதும். வேலைக்காரி உளறுகிறாள், முடிச்சு கம்பளத்தில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவார். கிழவியும் நம்பிவிடுவாள். அதைத்தான் நம்ப அவள் வந்திருந்தாள். செவ்ஜானின் கம்பளம் கப்பல் ஏறிவிடும்.

உம்முஹான் குனிந்து, கைக்கு வந்த ஒரு சிவப்பு இழையை எடுத்தாள்.

“இதுதான்.”

“எப்படித் தெரியும்னு...”

“தலைகீழா சுத்தி இறுக்கியிருந்தாரு. சுலபமா அவிழல. என்ன பிடிவாதக்கார மனுஷன்டான்னு அன்னைக்கே திட்டினேன்னு சொல்லு.”

துலாய் ஒரு கணம் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். எட்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம்தான் அழுதாள். பிடிவாதம்தான், படுக்கையில் கிடந்தும் பிடிவாதம்தான் என்றாளாம். இரண்டு கையாலும் உம்முஹானின் முகத்தைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். அந்தக் களிம்பு வாடை இவள் தலைத்துணியில் ஒட்டிக்கொண்டது.

டெரெக்கின் இழை என்று நம்பப்பட்ட அதை வைக்க எட்னா மாடியில் ஒரு சின்னக் கம்பளம் வாங்கினாள். மூலையில் ஹுல்கியே அதைத் தைத்துக் கொடுத்தார். பஸ் கிளம்பியதும் நேராகத் தறிக்கு வந்தார்.

“யாருப்பா அங்க, உம்முஹானுக்கு ஒரு டீ! ஆப்பிள் கழுநீர் இல்ல, நாம குடிக்கிற டீ!” என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பிடிவாதக்காரராம்! எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இத்தனை நாளும் உன்னை உம்மணாமூஞ்சின்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்! கம்பளத்தை நீயே வச்சுக்கோ. நீ நம்ம ஆளுதான்.”

உம்முஹான் டீயை வாங்கிக்கொண்டாள். ஹுல்கியைப் போல் பொய் விற்கிறவளாக ஆகிவிடக் கூடாது என்ற ஒரே வீம்பில்தான் இந்தத் தறிப் பலகையில் காலம் தள்ளியிருந்தாள். கம்பளம் மிஞ்சியது, வீம்பு போய்விட்டது. டீ நன்றாகவே இருந்தது. அது இன்னும் கேவலமாக இருந்தது.

“அந்தத் திண்டைத் தைக்காத,” என்றார் ஹுல்கி. “சின்னச் சின்ன கண்ணாடி பாட்டில் வாங்கி, ஆளுக்கொரு இழை போட்டு விப்போம். ‘உங்க முடிச்சு, உங்களுக்கே’. எப்படி?”

அடுத்த பஸ் வந்து நின்றது. உம்முஹான் வெறும் பலகையில் உட்கார்ந்தாள், எலும்பில் குத்தியது. நம்பர் ஒட்டிய ஒருவர் நாக்கைத் துருத்திக்கொண்டு இழையோடு மல்லுக்கட்டினார். மனைவி படம் எடுத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

உம்முஹான் கைதட்டவில்லை. நாளைக்கு ஒருத்தி தனியாக வந்து கேட்டால் பொய் சொல்லாமல் இருக்க, முதல்முறையாக ஒரு கப்பல்காரரின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். மஞ்சள் இழை, முன்வழுக்கை, இடது காதில் கேட்கும் கருவி.