பின் டாங்கி

பெட்ரோல் வாடை திங்கட்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹார்லனுக்குத் தெரிய வழியில்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு பசு உதைத்து அவன் மூக்கை உடைத்தது. அன்றிலிருந்து என் கணவனுக்குச் செத்த எலியும் ஒன்றுதான், அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியும் ஒன்றுதான்.

"வண்டி எங்கேயோ ஒழுகுது," என்றேன்.

"ஊத்தும்போது சிந்தியிருப்பே."

"நான் எப்போ ஊத்தினேன்? தினமும் பெட்ரோல் பீப்பாய்க்கிட்ட போய் நிக்கிறது நீதான்."

அவன் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டான். வாக்குவாதம் வந்தால் அவனுக்குத் தொழுவத்தில் எப்போதும் வேலை இருக்கும்.

எங்கள் பிக்கப் எண்பத்தாறாம் வருஷத்து வண்டி, அதில் இரண்டு டாங்கி. முன் டாங்கி ஓட்டுநர் கதவுக்கு அடியில். பின் டாங்கி பின் சக்கரத்துக்கும் அப்பால். எதிலிருந்து பெட்ரோல் எடுக்க வேண்டும் என்பதை ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள ஒரு பொத்தான் முடிவு செய்யும். நாங்கள் ஓட்டுவதெல்லாம் முன் டாங்கியில்தான். பின் டாங்கியை ஹார்லன் தொடவிட மாட்டான். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்ததும், இரும்புக் கால்களில் நிற்கும் பெட்ரோல் பீப்பாய்க்கு அடியில் வண்டியை நிறுத்தி, குறைந்ததோ இல்லையோ, பின் டாங்கியை விளிம்பு வரை நிரப்புவான். குழாயைத் தட்டி, கடைசிச் சொட்டையும் உள்ளே விடுவான். அது ஆஸ்பத்திரிக்கு.

ஆஸ்பத்திரி மைல்ஸ் சிட்டியில் இருக்கிறது, எண்பத்தேழு மைல். எங்கள் மகள் மார்னா பிரசவத்துக்காக எங்களிடம் வந்திருந்தாள், எட்டு மாதம் முடிந்திருந்தது. அவள் புருஷன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு அறுவடைக் குழுவோடு தெற்கே போயிருந்தான். எங்கள் கார் ஜூலையிலேயே கியர் பாக்ஸ் போய்ப் படுத்துவிட்டது. ஆக, எங்களுக்கென்று இருந்தது ஒழுகுகிற அந்த ஒரு வண்டிதான். ஜூனுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை கிடையாது. சாலை ஓரப் புல் மிதித்தால் நொறுங்கியது. போன வருஷம் இதே ஆகஸ்டில், பக்கத்துப் பண்ணைக்காரர்களின் வண்டி புல்லில் நின்ற இடத்திலேயே எரிந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாயன்று ஹார்லனே வந்து ஒத்துக்கொண்டான். "முன் டாங்கி முள்ளு கடகடன்னு இறங்குது. ஓட்டை விழுந்திருக்கு."

என் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் மைதா மாவை எடுத்துப் போய், வண்டிக்கு அடியில் படுத்து, முன் டாங்கியின் பற்றவைத்த இணைப்பிலும் குழாய்களிலும் தூவினான். ஈரம் பட்டால் மாவு காட்டிக் கொடுக்கும். இரண்டு மணி நேரம் பொறுத்து விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். தூவிய மாவு தூவியபடியே இருந்தது. இருந்தும் புதன்கிழமை முன் டாங்கியின் குழாய் இரண்டையும் மாற்றினான். தபால்பெட்டி வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். வாடை அப்படியே இருந்தது.

"பின் டாங்கியையும் பாரேன்," என்றேன்.

"அதுக்கு என்ன? தினமும் மூடியைத் திறந்து பாக்குறேன். ஒரு சொட்டு குறையல. இந்த வாரம் ஊத்தவே இடமில்ல, அவ்வளவு பத்திரமா இருக்கு."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேனே, என் மரமண்டையை என்ன சொல்ல.

வியாழக்கிழமை மதியம் மார்னா சமையலறையில் நின்றபடி, "அம்மா," என்றாள். தரை நனைந்திருந்தது. மூன்று வாரம் முன்கூட்டியே.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அது வடக்கே ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றாள் போனில் பேசிய பெண். ஹார்லன் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பியிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"வாடை அடிச்சா நிறுத்தணும். சொல்லிட்டேன்," என்றேன்.

"இப்போதான் முன் டாங்கியும் ரொப்பினேன். ஏறு."

நடுவில் மார்னா, ஜன்னல் ஓரம் நான். கப்பிச் சாலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனோம். மார்னா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலி வரும்போது அவள் பிடி இறுகும், நான் மனதுக்குள் எண்ணுவேன். இரண்டாவது வலி விட்டபோது வாடை வந்துவிட்டது. திங்கட்கிழமை வந்ததுபோல் லேசாக இல்லை. கண் எரிந்தது.

"நிறுத்து."

"ஆறு மைல்தான் வந்திருக்கோம், ட்வைலா!"

"ஹார்லன், நிறுத்துய்யா! இல்லேன்னா இப்படியே குதிச்சிருவேன்!"

நிறுத்தினான். இறங்கி ஓடிப் பார்த்தேன். வண்டியின் இடது பக்கம் முழுக்கப் புழுதி அப்பியிருந்தது. முன் டாங்கி மூடியைச் சுற்றியும் புழுதி காய்ந்து கிடந்தது. ஆனால் பின் டாங்கி மூடியிலிருந்து கீழே வரை கழுவி விட்டதுபோல் ஒரு பட்டை பளபளத்தது. அதன் நுனியிலிருந்து பெட்ரோல் நூலாக இறங்கிப் புல்லில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளிச் சூடேறிய புகைக்குழாய் டிக் டிக் என்று சத்தம் போட்டது.

"என்ஜினை அணை! கியரை எடுத்துவிடு!"

கதவுத் தூணைப் பிடித்துத் தள்ளினேன். சாலை முன்பக்கமாகச் சரிந்திருந்தது. வண்டி அந்த ஈரப் புல்லை விட்டு ஐம்பது அடி உருண்டு நின்றது. எப்போதும் பின்னால் கிடக்கும் தண்ணீர்க் கேனைத் தூக்கி, அந்தப் பட்டை மேல் முழுவதையும் கொட்டினேன்.

பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முன் டாங்கி முள் கால்வாசி இறங்கியிருந்தது. ஆறு மைலுக்குக் கால் டாங்கி. பொத்தானை மாற்றினால் அதே முள் பின் டாங்கியின் அளவைக் காட்டும்; அழுத்திப் பார்த்தேன். அது முழு அளவுக் கோட்டையும் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்ஜின் குடித்தது போக மிச்சப் பெட்ரோல் எடுத்த டாங்கிக்கே திரும்ப வேண்டும். உள்ளே ஏதோ வால்வு கெட்டு, அந்த மிச்சம் பின் டாங்கிக்குப் போகிறது. அங்கே இடமிருந்தால் தங்கியிருக்கும். ஹார்லன்தான் இடமே வைப்பதில்லையே. ஓட்டை எங்கும் இல்லை. நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான்.

"பின் டாங்கியிலேயே ஓட்டு," என்றேன். "அதுலேர்ந்து எடுத்தா மிச்சமும் அதுக்கேதான் போகும். எடுக்க எடுக்க இறங்கும். வழியாது."

அவன் கை பொத்தானுக்குப் போனது. என் விரல் அழுத்தியதைத் திரும்ப முன் டாங்கிக்கே மாற்றினான்.

"முன்னால முக்கால் டாங்கி இருக்கு. அது தீரட்டும். பின்னாடி இருக்கறது கடைசிக்கு."

"அது தீர்றதுக்குள்ள நாம எரிஞ்சிருவோம்!"

"வேணாம், ட்வைலா. அதைத் தொட வேணாம்."

அவன் யாரை நினைத்துச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். எழுபத்திரண்டில் இதே சாலையில், அவன் அப்பாவின் வண்டியில், இப்படித்தான் வலியோடு நான் உட்கார்ந்திருந்தேன். முள் பாதி என்று காட்டியது. முள் பொய். முப்பது மைல் மிச்சமிருக்கும்போது வண்டி இருமி நின்றது. எங்கள் முதல் பையன் சாலை ஓரத்தில் பிறந்தான். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அவன் அழவில்லை. அதற்குப் பிறகு நான் ஹார்லனை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லாததையே அவன் இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. தினமும் அந்த டாங்கியை நிரப்பியது அதற்குத்தான்.

"உன் தப்பில்லை, ஹார்லன்," என்றேன். அன்றே சொல்லியிருக்க வேண்டியது. "அன்னிக்கும் இல்லை. ஆனா இன்னிக்கு ரொப்பி ரொப்பி வழிய விட்டது நீதான். மாத்து."

அவன் பொத்தானை மாற்றவில்லை.

மார்னாவுக்கு அடுத்த வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். "அப்பா! அதை யாருக்குன்னு ரொப்பி வச்சே? எனக்குத்தானே? நான்தான் வந்துட்டேனே! இன்னும் யாருக்கு வச்சிருக்கே?"

ஹார்லன் பொத்தானை அழுத்தினான். நான் ஏறியதும் சாவியைத் திருப்பினான். என்ஜின் பிடித்தது. தீ எதுவும் வரவில்லை.

பத்து மைல் தாண்டி மறுபடி நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பின் மூடியைச் சுற்றித் தடவினேன். விரலில் புழுதிதான் ஒட்டியது. ஓடிவந்து ஏறினேன்.

"காய்ஞ்சிருக்கு. போ."

அதற்கப்புறம் பயம் வேறு பக்கம் திரும்பியது. வலிகளுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஹார்லன் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம்.

"ரோட்டைப் பாரு," என்றேன். "முள்ளை நான் பாத்துக்கறேன்."

மைல்ஸ் சிட்டி பாலம் தெரிந்தபோது முள் பாதிக்குச் சற்று மேலே இருந்தது. நாற்பது நிமிஷத்தில் பேத்தி பிறந்தாள். நடைக்கூடத்தின் கடைசி வரை கேட்கும்படி அழுதாள். ஹார்லன் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அழுகை நிற்கும்வரை கேட்டான். நின்றதும், "ஏன் நிறுத்திட்டா?" என்று நர்ஸைக் கேட்டான்.

"பால் குடிக்கிறா, தாத்தா," என்றாள் அவள்.

மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேர் மட்டும் மாடுகளுக்காகத் திரும்பினோம். ஊர் எல்லையில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, குழாயைப் பின் டாங்கியில் வைத்தான். பத்திரமாகத் திரும்பிப் போகக் கொஞ்சம் ஊற்றினால் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். முக்கால் டாங்கி ஆனதும் அவனே குழாயை எடுத்தான். தட்டவில்லை, கடைசிச் சொட்டுக்குக் காத்திருக்கவில்லை. மூடியை இறுக்கிவிட்டு வந்து ஏறி உட்கார்ந்தான்.

"போதும்," என்றான்.