புலி பார்க்கப் போன மாமனார்

எழுந்தான். பல் தேய்த்தான். இரண்டு தம்ளர் காபி போட்டான். ஒன்றில் சர்க்கரை இல்லை. மாமனார் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டார். இருவரும் நின்றபடியே குடித்தார்கள். மனைவி போன பிறகு தினமும் இப்படித்தான். அன்றைக்கு அலுவலகப் பைக்குப் பதில் அவளுடைய பைனாகுலரை எடுத்துக்கொண்டான்.

புலிகள் காப்பகத்தில் இரண்டு இடங்களை அவள்தான் பதிவு செய்திருந்தாள். நினைவூட்டல் வந்தபோது அழித்துவிடப் பார்த்தான்.

"அவ ஆசையா போட்டது, மாப்பிள்ளை. போயிட்டு வந்துடுவோம்," என்றார் மாமனார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பியபோது, ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பையை இறக்கி வைத்தவர் அவர். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. கல்லாய்ச் சமைந்து கிடந்தவனைச் சாப்பிட வைத்ததும், வேலைக்குத் துரத்தியதும் அவர்தான். அதற்கு நன்றி சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

அவள் கண் மூடிய மதியம் மாமனார் டீ வாங்கக் கீழே போயிருந்தார். கடைசியாக என்ன சொன்னாள் என்று ஊரே அவனைக் கேட்டது. அவர் மட்டும் கேட்கவில்லை. வாயெடுப்பார், பிறகு மோட்டாரை நிறுத்தியாயிற்றா என்று விசாரிப்பார். அவனும் சொல்லவில்லை. இவ்வளவு நாளாகக் காத்திருக்கும் மனிதர் கையில் கொடுக்க அது ரொம்பச் சின்னதாகப் பட்டது.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வேலையில் இருந்தவரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டியவருக்கு இப்போது அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறினால் தலை தொங்கிவிடும். மகளுக்கும் அதே வியாதி. எந்தப் பயணத்திலும் அவன் தோள்தான் அவளுக்குத் தலையணை.

இன்றைக்குக் கண்ணை மூடினால் பேரை மாற்றிக் கூப்பிடச் சொல்லி ஜீப்பில் ஏறினார். முதல் வளைவிலேயே குறட்டை. ஐயா குறட்டைக்குப் புலி பதில் சொன்னாலும் சொல்லும் என்றார் வழிகாட்டி.

குட்டையருகே மான் ஒன்று அபாயக் குரல் கொடுத்தது. இன்ஜினை அணைத்தார்கள். புல் விலகியது. புலி வந்து, முன்னங்கால்களை மடக்கி, தண்ணீரை நக்கிக் குடித்தது.

யோசிக்கும் முன்பே அவன் கை அவர் தோளைத் தொட்டிருந்தது.

"மாமா. புலி."

விழித்தார். மூச்சு விடாமல் பார்த்தார். குடித்து முடித்து, மோவாயில் நீர் சொட்ட, புலி புல்லுக்குள் போனது.

"நல்லாயிருப்பீங்க, மாப்பிள்ளை. எழுப்பாம விட்டிருந்தா ஜென்மத்துக்கும் ஆறியிருக்காது."

அத்தனை நாளும் வராத கண்ணீர் அவனுக்கு வந்தது. இதே குட்டைதான் என்றான். ஆஸ்பத்திரியில் அவள் போனில், காப்பகத்தின் கேமரா நேரலையில், பார்த்துக்கொண்டே இருந்தது இதைத்தான். அன்று மதியமும் பார்த்தாள்; வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. போனை அவன் கையில் கொடுத்துவிட்டு, சிரித்தபடியே திரும்பிப் படுத்தாள்.

மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னா?"

"கொஞ்சம் கண்ணசந்துக்கிறேன். புலி வந்தா எழுப்பிவிடு."