செத்தவரின் முத்திரை

அவள் புருஷன் செத்து நாலு மாதம் ஆகியும் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். மின்வாரியக் கட்டுப்பாட்டு அறைத் திரையில், மலைப்பக்கத்து மின் லைனுக்கு எதிரே அவருடைய பச்சைப் புள்ளி எரியும். காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முதலில் தேடுவது அதைத்தான்.

காற்றாலையும் சோலார் தகடுகளும் மூலைக்கு மூலை முளைத்துவிட்ட காலம். எவனாவது உள்ளே புகுந்து பொய்க் கட்டளை கொடுத்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் பிளாக்செயின் என்ற பொதுக் கணினிப் பதிவேட்டில் கோத்திருந்தார்கள். ஒரு லைனில் மின்சாரம் விட கட்டுப்பாட்டு அறை, பேட்டரி நிலையம், லைன்மேன் ஆகிய மூவரில் இருவருடைய டிஜிட்டல் முத்திரை அதில் விழ வேண்டும். விழுந்ததை அழிக்க ஆண்டவனாலும் ஆகாது.

அவள் புருஷன் லைன்மேன். சரியான சோம்பேறி. ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்ற அலுத்துக்கொண்டு, 'கம்பியில் ஆள் இல்லை' என்ற முத்திரை கேட்டவுடன் தானாகவே விழும்படி தன் கைக்கருவியில் அமைத்துவைத்திருந்தார். தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கருவியை அவள் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டுவந்தாள். அவர் பெயரை நீக்கும்படி மற்றவர்கள் எப்போதோ சொல்லியாயிற்று. அவள்தான் நாளை, நாளை என்று கடத்தினாள். அதனால் அந்த வேலைக்கு வந்த அவளுடைய தம்பியின் பெயர் இன்னும் ஏறவில்லை. அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டுத்தான் கம்பம் ஏறுவான்.

"அக்கா, மாமா பேர எடுத்துடு. எனக்கு பயமா இருக்கு."

"பேய்னு பயப்படுறியா?"

"பேயா இருந்தா பரவாயில்ல. மாமா என்னை ஒண்ணும் பண்ண மாட்டாரு. இது மெஷின்க்கா."

அன்று மத்தியானம் தம்பி மலை லைன் கம்பத்தின் மேல் இருந்தான். திடீரென்று மேகம் மூடி சோலார் மின்சாரம் படுத்துவிட்டது. பேட்டரி நிலையம் மலை லைனில் மின்சாரம் விடக் கேட்டுத் தன் முத்திரையைப் போட்டது. அவள் போடவில்லை. அவள் போடாவிட்டால் என்ன, இன்னொருவர் இருக்கிறாரே. பச்சைப் புள்ளி துடிக்க ஆரம்பித்தது. வீட்டு அலமாரியில் கருவி பதில் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தது.

தம்பிக்குப் போன் அடித்தாள், அவன் எடுக்கவில்லை. பெயர் நீக்கும் பொத்தானை அழுத்தினாள். 'காரணம்?' என்று கேட்டது திரை. மாற்றல், ஓய்வு, மரணம். முதல் இரண்டுக்கும் மேலதிகாரி சம்மதிக்க வேண்டும். மூன்றாவதுக்கு யாரும் வேண்டாம்.

மூன்றாவதைத் தொட்டாள். புள்ளி அணைந்தது. கட்டளையும் அங்கேயே நின்றது.

போன் அடித்தது.

"கூப்பிட்டியாக்கா? கையில வேலையா இருந்தேன். என்ன விஷயம்?"

"மாமா செத்துட்டாருடா" என்றாள். நாலு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"அழாதக்கா. இதோ எறங்கி வரேன்" என்றான்.