மாடில்லாத பால்

குமரேசன் ஒரு பாட்டிலைச் சமையல் மேடையில் வைத்தபோதே தனம் அதைச் சந்தேகத்தோடு பார்த்தாள். அவன் அவள் கணவனின் தம்பி. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் காபிக்கடை நடத்துகிறான். ஆய்வுக்கூடத்தில் செய்த பால் என்று பெங்களூர் கம்பெனிக்காரர்கள் ருசி பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

"இதுல மாடே கிடையாது அண்ணி. தொட்டியில ஈஸ்ட் மாதிரி ஒண்ண வளர்த்து எடுக்கறாங்க. கவியாவுக்குப் பாயசம் வெச்சுக் குடுங்க."

கவியாவுக்குப் பால் ஒரு சொட்டு உள்ளே போனாலும் உதடு வீங்கும், மூச்சுத் திணறும். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் அன்னதானம் வாங்கினால்கூட, தனம் முகர்ந்து, தன் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் மகளுக்குக் கொடுப்பாள். உறவுக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"இது ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்கு?"

"பின்ன பச்சையாவா இருக்கும்? நீங்க குடிதண்ணியையே சந்தேகப்படற ஆளு."

கவியா சிரித்தாள். அவள் கையில் அதற்குள் டம்ளர். அதைப் பார்த்ததும் தனத்துக்கு நம்பிவிட ஆசையாக இருந்தது. அந்த ஆசையைத்தான் அவள் முதலில் சந்தேகித்தாள்.

பாலைக் காய்ச்சி இறக்கினாள். ஆற ஆற, மேலே மெல்லிய ஆடை படிந்தது. கரண்டியால் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"மாட்டுப்பாலத்தான் ஊத்திக் குடுத்து உன்ன ஏமாத்திட்டாங்க. போன் போடு."

ஸ்பீக்கரில் கம்பெனிப் பெண் பணிவாகப் பேசினாள். "ஏமாத்தலைங்க மேடம். மாடு இல்லாமத்தான் செய்யறோம். ஆனா பால்ல இருக்கற அதே புரதம். அதனாலதான் ஆடை கட்டுது. பால் அலர்ஜி இருக்கறவங்க குடிக்கவே கூடாது."

குமரேசன் தலை கவிழ்ந்தான். "மாடு இல்லன்னா அலர்ஜியும் வராதுனு நானா நெனச்சுட்டேன் அண்ணி."

இத்தனை வருடமும் தனம், 'இதில் பால் இல்லை' என்ற பொய்க்கு எதிராகத்தான் காவல் இருந்தாள். இன்று யாரும் பொய் சொல்லவில்லை. மகள் முகம் வாடியதைக் கவனிப்பதற்கு முன்பே, தான் ஜெயித்துவிட்ட சந்தோஷம் தனக்குள் எட்டிப்பார்த்ததை அவள் அருவருப்போடு உணர்ந்தாள்.

குமரேசன் ஒரு வாய் குடித்தான்.

"எப்படி இருக்கு சித்தப்பா?"

"கசக்குது. வாய்ல வைக்க முடியல."

"பொய்" என்றாள் கவியா, கோபமில்லாமல்.

தனம் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். "மீதியையும் நீயே குடிச்சுடு. வீட்ல வைக்காத."