பறந்த தட்டு

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பொன்னுமணியின் ஆட்டுக்குட்டிக்கு வந்த இருமலுக்காகச் சபை ஏறெடுத்த ஜெபம், செல்லத்தாயின் புருசனுக்காக ஏறெடுத்த ஜெபத்தைவிட நீளமாக இருந்தது. செல்லத்தாய் முக்காட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் காது திறந்திருந்தது. ஆட்டுக்காக இரண்டு பேர் மூக்கை உறிஞ்சியதுகூட அவளுக்குக் கேட்டது.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஏலக்காய் கோடவுன் ஒன்றின் மாடியில் அந்தச் சபை நடக்கிறது. கீழே பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். பச்சைக்காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. செல்லத்தாயும் அங்கேதான் பொறுக்குகிறாள். ஒரு மழைக்காலத்தில் அவள் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தபோது, மாடியிலிருந்து இறங்கி வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். காய்ச்சல் விட்டது. குளுக்கோசும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சபையில் சொன்ன சாட்சியில் யாரும் சேர்க்கவில்லை. அதிலிருந்து செல்லத்தாய் மாடியேறத் தொடங்கினாள்.

மாடியில் ஒவ்வொருத்திக்கும் ஒரு பாரம் இருந்தது. ஒருத்தியின் மகன் வீட்டைவிட்டு ஓடியிருந்தான். ஒருத்தியை மருமகள் சோற்றுக்கு ஏங்க வைத்தாள். "பாரத்தைச் சொல்லுங்க சிஸ்டர்" என்று பாஸ்டர் அருள்மொழி கேட்கும்போது செல்லத்தாய்க்குத்தான் கையைப் பிசைய வேண்டியிருந்தது. அவள் வீட்டுக்காரர் மகாராஜன் ஜீப்பு ஓட்டுகிறார். விடிய ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் ஏற்றிக்கொண்டு இறங்குவார். வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், டிவியில் செய்தி பார்ப்பார், செய்தி முடியும் முன் குறட்டை விடுவார். இந்த மனுசனை வைத்துக்கொண்டு எந்தப் பாரத்தைச் சொல்வது?

"எங்க வீட்டுக்காரரு சபைக்கு வரமாட்டேங்கிறாரு" என்றாள். அதற்குக் கிடைத்ததுதான் ஆட்டைவிடக் குட்டையான ஜெபம்.

மறுவாரம், "குடிப்பாரு" என்று சேர்த்துக்கொண்டாள். பொய்யில்லை. சித்திரைத் திருவிழாவில் மச்சினன் ஊற்றிக் கொடுத்த பீரைக் குடித்துவிட்டு, ஜீப்பிலேயே படுத்துத் தூங்கி, வெயில் ஏறிய பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்தான். அந்த வாரம் ஆட்டுக்குச் சமமாக ஜெபம் கிடைத்தது. செல்லத்தாய்க்கு அழுகைகூட வந்தது. அது நல்ல அழுகை. நெஞ்சு லேசானது. அழுதுவிட்டுக் கீழே இறங்கி வந்து காய் பொறுக்கினால் கை தானாக ஓடியது.

தட்டு விசயம் அதற்குப் பிறகு வந்தது.

ஒருநாள் உபவாசம் முடித்து வருகிற வழியில் அவள் கடையில் நின்று புரோட்டா தின்றதை மகாராஜன் பார்த்துவிட்டார். மறுநாள் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, "என்ன புள்ள, உங்க ஆண்டவரு சால்னாவும் ஊத்துறாரு போலருக்கே" என்றார். சொன்னது அவ்வளவுதான். செல்லத்தாய் கையிலிருந்த எவர்சில்வர் தட்டு, புளிக்குழம்புச் சோற்றோடு பறந்து போய் அவர் நெற்றியில் இறங்கியது. தட்டு விளிம்பு நசுங்கிவிட்டது. அவருக்குப் புருவத்துக்கு மேலே தையல் போட வேண்டியதாயிற்று. எப்படி அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு நர்சைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை செல்லத்தாய் உண்மையிலேயே பாவத்தை அறிக்கையிடத்தான் எழுந்து நின்றாள். ஆனால், "தட்டை எறிந்தேன்" என்று தொடங்க நா எழவில்லை. எல்லாரையும்போலச் சுற்றிவளைத்துத் தொடங்கினாள்.

"எங்க வீட்டுல தட்டு பறந்துருச்சுங்க..."

"ஐயோ ஆண்டவரே!" என்று பொன்னுமணி முட்டிபோட்டுவிட்டாள். "சோத்துத் தட்டையா எறிஞ்சான் அந்தப் பாவி! இந்தப் பச்ச மண்ணு மேலயா எறிஞ்சான்!"

அவ்வளவுதான். சபை முழுவதும் எழும்பி ஜெபிக்கத் தொடங்கிவிட்டது. டிரம் அடிக்கிற பையன் டிரம்மை அடித்தான். எறிந்தது யாரென்று செல்லத்தாய் சொல்லவேயில்லை, யாரும் கேட்கவுமில்லை. நடுவில் ஒருதடவை வாயைத் திறந்தாள். பாஸ்டர் அவள் தலைமேல் கையை வைத்து, "பேசாதீங்க சிஸ்டர், ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்" என்றார். ஆண்டவருக்குத் தெரியும் என்பதுதான் அவளுக்கும் பயம்.

அதிலிருந்து அவள் இடம் மாறிவிட்டது. பாயில் முன்வரிசை. ஃபேனுக்கு நேர் கீழே. சபையின் வாட்ஸ்அப் குழுவில், "தட்டு எறியும் கணவரால் பாடுபடும் சகோதரிக்காக ஜெபியுங்கள்" என்று பாதிப் போடிக்குச் செய்தி போனது. பேர் போடவில்லை, ரகசியமாம். சபைப் பெண்கள் யாரும் மகாராஜன் ஜீப்பில் ஏறுவதில்லை. காலியாக நின்றாலும் அடுத்த ஜீப்பில் நெருக்கியடித்துத்தான் போவார்கள்.

"உங்க சபைக்காரிகளுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"அவுகளுக்கு முன்சீட்டு பிடிக்காது" என்றாள் செல்லத்தாய்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கர்த்தர் ஒரு பாறையை உருட்டிவிட்டார்.

ஐப்பசி மழை. தோட்ட வேலை முடிந்து மெட்டிலிருந்து இறங்கும் வழியில் பொன்னுமணி வழக்கமாக வருகிற ஜீப்பு டயர் வெடித்து நின்றுவிட, வேறு வழியில்லாமல் மகாராஜன் ஜீப்பில் ஏறியிருக்கிறாள். ஒரு வளைவில் அவர் காரணமே இல்லாமல் பிரேக்கைப் போட்டார். அடுத்த நொடி முன்னால் ஒரு பாறை வந்து விழுந்தது. இரண்டடி முன்னால் போயிருந்தால் மொத்தப் பேரும் பள்ளத்தில். மேலே மண் உதிர்கிற சத்தம் கேட்டதாம் அவருக்கு. அதை யார் நம்பினார்கள்? பொன்னுமணி நடுரோட்டில் இறங்கி, மழையில் நனைந்துகொண்டே அவர் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, ஆண்டவர் உங்களைத் தொட்டுட்டாரு. ஞாயித்துக்கெழம வந்து சாட்சி சொல்லணும்."

மகாராஜனுக்கு முகம் சுண்டிப்போனது. "சாட்சியா? எந்தக் கோர்ட்டுல ஆத்தா?"

அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. பழைய முதலாளியிடம் வண்டி ஓட்டியபோது முதலாளி மகன் ஒரு ஆளை இடித்துவிட்டான். வேறொரு டிரைவர் ஓட்டினான் என்று கோர்ட்டில் சொல்லச் சொன்னார்கள். மாட்டேன் என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தவர் மகாராஜன். அதற்கப்புறம் எத்தனையோ மாசம் வேலையில்லாமல் அலைந்தார்.

"கோர்ட்டு இல்லண்ணே, நம்ம சபையில. நடந்ததச் சொன்னாப் போதும்."

"நடந்ததத்தானே? அப்படின்னா வர்றேன்."

இதை அவர் வீட்டில் வந்து சொன்னபோது செல்லத்தாய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். நடந்ததைச் சொல்லப் போகிறாராம்!

"நீங்க எதுக்கு அங்கெல்லாம்? வண்டிய சர்வீசுக்கு விடணும்னீங்களே."

"அது திங்கக்கெழம விட்டுக்கலாம்."

"நாலு மணிநேரம் தரையில உக்காரணும். உங்களுக்கு முட்டி வலி."

"நீதான புள்ள வா வான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்த?"

சனிக்கிழமை பாத்திரம் கழுவும்போது செல்லத்தாய் ஜெபித்தாள். இத்தனை நாள் சபை மொத்தமும் உபவாசமிருந்து எதைக் கேட்டதோ, அதைக் கொடுத்துவிடாதே என்று ஆண்டவரிடம் மன்றாடினாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு உண்மையான பாரத்தோடு ஜெபித்ததில்லை. அந்த நசுங்கிய தட்டுதான் அப்போது கையில் இருந்தது.

ஆண்டவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகாராஜன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வழியச் சீவிக்கொண்டு, ஆண்கள் பக்கத்துப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கம் தலைகள் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தன. "பாத்தா எறும்பக்கூட மிதிக்காத ஆளு மாதிரி இருக்காரு" என்று பின்னால் ஒரு குரல். "சாத்தான் அப்படித்தான் வருவான்" என்று இன்னொரு குரல். செல்லத்தாய் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டாள்.

பாஸ்டர் மைக்கை அவர் கையில் கொடுத்தார். மகாராஜன் பாறையைப் பற்றித் தொடங்கினார். பாறையில் யாருக்கும் அக்கறையில்லை.

"பிரதர்" என்றார் பாஸ்டர் அன்பாக. "பாறை கெடக்கட்டும். உங்க பழைய வாழ்க்கையச் சொல்லுங்க. சபைக்கு எல்லாம் தெரியும். நீங்க குடிச்சது தெரியும், தட்டு வரைக்கும் தெரியும். வெட்கப்பட வேணாம்."

"தட்டா?" என்றார் மகாராஜன்.

"சோத்துத் தட்டுண்ணே!" என்று பொன்னுமணி எடுத்துக் கொடுத்தாள். "செல்லத்தா மேல நீங்க எறிஞ்சது!"

மகாராஜன் பெண்கள் பக்கம் பார்த்தார். முக்காட்டின் ஓரத்தில் செல்லத்தாய்க்கு அவர் கண் தெரிந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி வருவதை ஹாரன் கேட்கும் முன்பே தெரிந்துகொள்கிற கண் அது. காலியாக நின்ற ஜீப்பு, முன்சீட்டு, எல்லாம் அந்த ஒரு நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. கை தானாக நெற்றித் தழும்புக்குப் போனது.

ஃபேன் கிறீச்சிட்டது. 'முன்வரிசை போச்சு. முன்வரிசை போனா போகட்டும், நாளைக்குக் கீழ கோடவுன்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் காய் பொறுக்குவேன்' என்று ஓடியது செல்லத்தாயின் மனசு.

"ஆமாங்க" என்றார் மகாராஜன். "எறிஞ்சேன்."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

"நெத்தியில என்ன பிரதர் தழும்பு?" என்று கேட்டார் பாஸ்டர்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன். கியர் மாற்றுகிற மாதிரித் தடவித் தடவித்தான் வந்தது. "அது... எறிஞ்சேங்களா... அவ குனிஞ்சுக்கிட்டா. தட்டு செவுத்துல பட்டு... திரும்பி வந்து... எம் மேலயே விழுந்துருச்சுங்க."

மாடி அதிர்ந்தது. "கர்த்தர் திருப்பி அனுப்புனாரு!" என்று பாஸ்டர் கையை உயர்த்தினார். "தம்முடைய மகளைக் காத்து, அடிச்சவன் தலையிலயே இறக்குனாரு!" டிரம் முழங்கியது. பொன்னுமணி தேம்பித் தேம்பி அழுதாள். பாறையை அன்றைக்கு எல்லாரும் மறந்துபோனார்கள்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். சோறு போட்டு வைத்துவிட்டுச் செல்லத்தாய்தான் கேட்டாள். "முதலாளிக்காக ஒரு பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன்னு சாவிய வச்சுட்டு வந்த ஆளு. இன்னைக்கு எதுக்குச் சொன்னீங்க?"

"அங்க சொல்லியிருந்தா ஒண்ணுந்தெரியாத ஒருத்தன் செயிலுக்குப் போயிருப்பான்." குழம்பை ஊற்றிக்கொண்டார். "இங்க சொல்லலேன்னா நீ எங்க போவ?"

செல்லத்தாய்க்கு அழுகை வந்தது. மாடியில் வருகிற அழுகை இல்லை இது. நெஞ்சை லேசாக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பாயில் உட்கார்ந்திருந்தபோது பாரம் கேட்கிற முறை அவளைத் தாண்டிப் போனது. "நம்ம சிஸ்டருக்கு இனி என்ன குறை" என்று பாஸ்டர் அடுத்தவளிடம் போய்விட்டார். செல்லத்தாய் எழுந்து நின்றாள். இந்தத் தடவை சுற்றிவளைக்கவில்லை.

"அந்தத் தட்ட எறிஞ்சது நான்தான். அவரில்ல. அவரு என்னை ஒருநாளும் கைநீட்டி அடிச்சதில்ல. நான்தான் எறிஞ்சேன்."

பொன்னுமணி மெல்ல எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தீகளா?" என்றாள், எல்லாரையும் பார்த்து, கண் கலங்க. "புருசன் பாவத்தைத் தன் தலையில ஏத்துக்கிறா. இப்படி ஒரு பொம்பள நம்ம சபையில இருக்கா!"

"இல்ல மதினி, நெசமாத்தான்..."

"பேசாத தாயி. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்."

டிரம் தொடங்கிவிட்டது. பாஸ்டர் அவள் தலைமேல் கையை வைத்து ஜெபித்தார். பொன்னுமணியின் ஆட்டுக்கும் இவ்வளவு நீளமான ஜெபம் கிடைத்ததில்லை.

பக்கத்து ராசிங்காபுரத்தில் நடக்கிற கூட்டத்துக்குச் சாட்சி சொல்ல இருவரையும் அழைத்திருந்தார்கள். வரும்போது தட்டையும் கொண்டாங்க என்று பாஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார். ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். செல்லத்தாய் அதைப் புளி போட்டுத் தேய்த்தாள். நசுங்கிய விளிம்பு மட்டும் நிமிரவில்லை. மகாராஜன் அதைப் பேப்பரில் சுற்றி ஜீப்பின் முன்பக்கம் வைத்தார். பின்னால் சபைப் பெண்கள் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டிலும் ரெண்டு பேர்.

"ஏங்க" என்று பின்னாலிருந்து அவர் காதருகில் குனிந்தாள் செல்லத்தாய். "அங்கயாவது உள்ளதச் சொல்லிருங்க."

"நீ சொல்லிப் பாத்தேல்ல? என்னாச்சு?" ஜீப்பைக் கிளப்பினார். கொஞ்சதூரம் போனபிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒண்ணு மட்டும் நெனவு வச்சுக்க புள்ள. இனிமே கோவம் வந்தா வேற தட்ட எடுத்து எறி. இது சபைச் சொத்து."