தோள்பட்டையில் ஒரு கடி

கண்காட்சிக்கு வராமலிருக்க என் கணவர் சொல்லாத சாக்கு இல்லை.

"மனுஷனுக்குள்ள இருக்குற மிருகமாம்! அதுக்கு டிக்கெட் வேற எடுக்கணுமா? வீட்லயே நான் இருக்கேனே."

"நீங்க சாது மிருகம். பேசாம வாங்க" என்று இழுத்துப் போனேன்.

எல்லாம் களிமண்ணில் செய்து சுட்ட சிலைகள். முதல் அறையில், குளத்தில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும் மனிதர்கள். அடுத்ததில், குழந்தையைப் பிடரியில் கவ்வித் தூக்கிப் போகும் ஒரு தாய். வாசலில் நின்ற சிற்பி வந்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். இவரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி அறையில் ஒரு பெண்ணின் முதுகு. தோள்பட்டையில் ஆழமாக ஒரு பல்தடம். கீழே, 'நான்' என்று மட்டும் எழுதியிருந்தது.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். பகல் முழுக்க யார் யாருடைய வாய் அச்சுகளோடோ இருக்கிறேன். அந்தத் தடத்தில், இடப்பக்க மேல் கோரைப்பல் உள்நோக்கித் திரும்பியிருந்தது. இவர் வண்டியிலிருந்து விழுந்து அந்தப் பல்லை உடைத்துக்கொண்டபோது அதற்கு உறை செய்தவளே நான்தான். "பழைய கோணலோடவே செய். இல்லன்னா கண்ணாடியில வேற யாரோ மாதிரி இருக்கும்" என்று கெஞ்சினார். அப்படியே செய்து கொடுத்தேன்.

"என்னங்க, இந்தச் சிற்பியைத் தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்?" சிலையைப் பார்க்காமலே சொன்னார்.

வெளியேறும் வழியில் ஒரு மேசை. வந்தவர்கள் கடித்துவிட்டுப் போகக் கெட்டியான களிமண் உருண்டைகள். ஆளாளுக்குக் கடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றை எடுத்து இவரிடம் நீட்டினேன்.

"சீ, மண்ணைப் போய்..."

"சும்மா ஒரு கடி. எனக்காக."

இவருக்கு வலப்பக்கப் பல் ஆடுகிறது. வைத்தியரிடம் போகப் பயந்து, ரொட்டியைக்கூட இடப்பக்கமாகத்தான் கடிப்பார். இப்போது உருண்டையை மெல்ல வலப்பக்கம் நகர்த்திக் கடித்தார்.

"வலிக்கலையா?"

"இல்லையே" என்றார். கண்ணில் நீர் முட்டி நின்றது.

உருண்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வேறு யாருடைய வாயோ போல இருந்தது.